அப்பாவின் இடது பூட்ஸ்

மரக்கிடங்கில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்ப மாட்டேன். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து என் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன். 'பூட்ஸு' என்றால்தான் திரும்புவேன்.

மற்றவர்கள் எல்லாம் கிடங்கில் கொடுக்கிற கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு லோடு இறக்குவார்கள். அது ஒரு மழைக்கு வாயைப் பிளக்கும், அடுத்த மழைக்கு அடியைக் கழற்றிக் கையில் கொடுக்கும். நான் மட்டும் அப்பாவின் பூட்ஸில் நின்று இறக்குவேன். கணுக்காலுக்கு மேலே நாலு விரல் உயரம், பழைய செங்கல் நிறம், ஊசி பிடித்துக் கையால் தைத்த தையல். அதன்மேல் உத்திரம் விழுந்தால் உத்திரத்துக்குத்தான் அடிபடும் என்று கிடங்கில் பேச்சு.

அப்பா தண்ணீர்க் குழாய் லைன் பார்க்கிறவராக இருந்தார். ஏரியிலிருந்து வரும் பெரிய குழாய் போகிற வழியெல்லாம் நடந்து, அங்கங்கே ஒரு இரும்புக் கம்பியைக் குழாய்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். கசிவு இருந்தால் உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சுகிற மாதிரி சத்தம் வருமாம். நடக்கிறதுதான் வேலை என்பதால் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ ஒரு பூட்ஸ்காரரிடம் கால் அளவு கொடுத்து இதைச் செய்துகொண்டார். கையில் காசில்லாத காலத்தில் பூட்ஸ் எதற்கு என்று அவருடைய வீட்டில் பெரிய சண்டையே நடந்ததாம். அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வேறு பூட்ஸ் வாங்கியதும் இல்லை, இதைக் கழற்றியதும் இல்லை. குளிக்கிற நேரம், தூங்குகிற நேரம் தவிர அது காலிலேயே இருக்கும். கூட்டிப் பெருக்கின வீட்டுக்குள் அதோடு நடக்கிறார் என்று அம்மா தினமும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். அப்பா சிரித்துக்கொண்டே நடப்பார். அவர் நடக்கிறதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

அவர் போன பிறகு அம்மா பூட்ஸை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஆம்பளைப் பிள்ளைக்கு என்று சொல்லித்தான் கொடுத்தாள். எனக்கு மூத்தவள் ஒரு அக்கா. அவள் அன்றைக்கு முறைத்த முறைப்பு இன்னும் ஆறவில்லை. அவளுக்குப் பாதம் பெரிசு, சின்ன வயதிலிருந்தே ஆம்பளைச் செருப்புதான். இந்த வீட்டில் என் கால் அளவுக்கு ஒரே ஒரு நல்ல பொருள் இருந்தது, அதையும் இவனுக்குத் தூக்கிக் கொடுத்தாச்சு என்று சமயம் கிடைக்கும்போதெல்லாம் சொல்வாள். அவள் பங்குக்கு வந்தது அப்பாவின் குடையும் அப்பாவின் கோபமும். குடை முதல் காற்றிலேயே மடங்கித் திரும்பிக்கொண்டது. கோபம் இன்னும் நன்றாக உழைக்கிறது.

எனக்கு முதலில் இரண்டு சோடிக் காலுறை போட்டால்தான் பூட்ஸ் நிற்கும். போகப் போகக் கால் பரந்து ஒன்று போதும் என்றானது. அடித்தோல் எத்தனை முறை மாறியது என்று கேட்டால் தெரியாது. குதிகால் மாறியது, நாக்கு மாறியது, கயிறு மாறியது, கயிறு நுழைகிற பித்தளைக் கண்கள்கூட மாறிவிட்டன. அப்பாவோடது என்று இதில் என்னதான் மிச்சம் இருக்கிறது என்று என் மனைவி கேட்பாள். மேல்தோல் இருக்கிறது, உள்ளே பாதம் படுகிற மிதிதோல் இருக்கிறது என்பேன். அவருடையது என்று உங்களிடம் இருக்கிறதைவிட அது ஜாஸ்திதான் என்பாள். நான் ஒரு பழந்துணியில் எண்ணெயைத் தொட்டுத் தோலைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாளாவது அந்த மாதிரி என் முழங்காலைத் தேய்த்துவிட்டிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இப்படி இருக்கும்போது வலது இடுப்பு வலிக்க ஆரம்பித்தது.

லோடு இறக்குகிறவனுக்கு இடுப்பு வலிப்பது செய்தியே இல்லை. வலது தோளில் சுமக்கிறவன் வலப்பக்கம் சாய்வான், இடது தோளில் சுமக்கிறவன் இடப்பக்கம் சாய்வான். சாயங்காலம் நாங்கள் எல்லோரும் கிடங்கை விட்டு வெளியே வருவதைப் பார்த்தால் காற்றில் சாய்ந்த வேலி நடந்து வருகிற மாதிரி இருக்கும். நானும் அந்தக் கணக்கில்தான் சாய்கிறேன் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் அந்த மழைக்காலத்தில் ஒருநாள், நனைந்த உத்திரம் ஒன்றை இறக்கும்போது என் பக்கம் சட்டென்று தாழ்ந்துவிட்டது. மறுமுனையில் இருந்தவன் தவளை மாதிரிக் குதித்துத் தப்பினான். தப்பியதும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. திட்டியிருந்தால் டீயோடு போயிருக்கும்.

மேஸ்திரி கூப்பிட்டார். நல்ல மனுஷர், கெட்ட சேதியை நல்ல சேதி மாதிரியே சொல்லத் தெரிந்தவர்.

"பூட்ஸு, கேட்டுல ஒரு ஸ்டூல் காலியா இருக்கு. நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு. வர்ற லாரிக்குக் கதவைத் திறக்கணும், போற லாரிக்குச் சாத்தணும். மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். நடை நேரானா உள்ளே இரு. இல்லாட்டி அங்க போய் ராஜா மாதிரி உக்காந்துக்கோ."

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர் யாரும் எழுந்து உள்ளே வந்ததில்லை. கடைசியாக உட்கார்ந்திருந்தவர் முதலில் ஈயோடு பேச ஆரம்பித்தார். பிறகு ஈ என்ன பதில் சொன்னது என்று எங்களிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் ஆள் கூட்டத்தில் வளர்ந்தவன். 'ஏய், தூக்கு, இன்னும் ஒரு இழுப்பு, வை' என்று நாலு தொண்டை சேர்ந்து கத்தினால்தான் எனக்கு அது ஒரு நாள். கேட்டில் உட்கார வைத்தால் ஒரு வருஷத்தில் நானும் ஈக்கு மாமா முறை ஆகிவிடுவேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள். அந்தப் பூட்ஸைத் தூக்கி எறிந்தால் இடுப்பு தானாக நேராகும் என்றாள். இதே வார்த்தையைப் பல வருஷமாகச் சொல்கிறவள் என்பதால் நான் காதில் வாங்கவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. அடித்தோல் தேய்ந்துவிட்டது, அதனால்தான் கால் வழுக்குகிறது, நல்ல கையாகப் பார்த்துப் புது அடி போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். வழக்கமாகத் தைத்துக் கொடுக்கிறவர் மகன் வீட்டோடு போய்விட்டார். அதனால் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய பூட்ஸ் பட்டறைக்குப் போனேன்.

அது ஓடுகிற பட்டறை. பைக்கில் ஊர் சுற்றுகிற பணக்காரப் பிள்ளைகள் முதல் குதிரை வைத்திருக்கிறவர்கள்வரை ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள் என்று கேள்வி. சுவர் முழுக்க மரத்தில் செய்த கால் அச்சுகள் சோடி சோடியாகத் தொங்கின. பார்த்தால் ஒரு கூட்டம் தலைகீழாக நின்று நம்மைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தோல் வாசனை, பசை வாசனை, மெழுகு வாசனை. நடத்துகிறது ஒரு பெண்பிள்ளை. என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே பேசினாள்.

பூட்ஸை வாங்கி மேஜைமேல் வைத்தாள். சுற்றி வந்து பார்த்தாள். வலதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். இடதைத் தூக்கியவள் வைக்கவில்லை. வாயிலிருந்த ஆணிகளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு எந்தக் கால் குட்டை அண்ணே? இடதா?"

எனக்குப் புரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பெஞ்சில் படுக்க வைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காலுறையில் ஓட்டை இருந்தது. உங்களுக்கு ரெண்டும் சமம்தான் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு இடது பூட்ஸுக்குள் கையை விட்டு, மிதிதோலின் விளிம்பில் ஒரு வளைந்த கத்தியை நுழைத்து, தையலைப் பட் பட்டென்று விடுவித்து, தோலை மேலே தூக்கினாள்.

அடியில் ஒரு தக்கை இருந்தது. குதிகாலில் கட்டைவிரல் பருமன், முன்னால் வரவர மெலிந்து விரல்கள் பக்கம் ஒன்றுமில்லாமல் முடிந்தது. கறுத்து, அழுந்தி, ஓரம் மெழுகு மாதிரி மின்னியது.

இடது கால் ஒரு விரல் அளவு குட்டையாக இருக்கிற ஆளுக்குச் செய்த பூட்ஸ் இது என்றாள். தக்கைக்கு இடம் வேண்டுமென்று இடதை மட்டும் உள்ளே ஆழமாக வைத்துத் தைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்படி. செய்தவர் கை லேசுப்பட்ட கை இல்லை என்று அவள் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் அடி மாற்றியும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். அடி போடுகிறவன் அடியைத்தான் பார்ப்பான், உள்ளே கையை விட்டுப் பார்க்க அவனுக்கு என்ன தலையெழுத்து என்றாள்.

எனக்குப் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை. குழாய் லைன் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நடக்க விட்டுப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்கே தடுமாறுகிற நேரத்தில் பூட்ஸ் எதற்கு என்று நடந்த சண்டைக்கு இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. பூட்ஸ் இல்லாமல் அவர் நடந்து நான் பார்த்ததெல்லாம் கட்டிலிலிருந்து குளிக்கிற இடம்வரைதான். அப்போதும் சுவரில் கையை வைத்தபடியே போவார். அது சோம்பல் என்று நாங்கள் கேலி செய்வோம். அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்க இப்போது அம்மாவும் இல்லை.

ஆக, நேரான கால் இரண்டை வைத்துக்கொண்டு, குட்டைக் காலுக்குச் செய்த பூட்ஸில் பாதி ஆயுசை நடந்திருக்கிறேன். இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்?

தீர்த்துவைப்பது சுலபம் என்றாள் பட்டறைக்காரி. தக்கையை எடுத்துவிட்டு மிதிதோலை அடியோடு இறக்கித் தைத்துவிட்டால் வலதும் இடதும் சமமாகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் இடுப்பு பழகிவிடும். நீங்கள் சரி என்று சொன்னால் இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று கத்தியைக் கையில் எடுத்தாள். மேஸ்திரியின் ஸ்டூல் கண்முன்னே வந்து நின்றது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தவன், கொஞ்சம் பொறும்மா, எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன் என்றேன். அப்பா உடம்பில் ஒன்றை வெட்டுகிற மாதிரி இருந்தது, அதற்கு அக்காவையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுதான். வேறு நல்ல எண்ணம் எதுவும் அப்போது எனக்கு இல்லை.

அக்கா சலவைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். ஓட்டல் படுக்கை விரிப்பும் ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டும் மலை மலையாக வந்து விழும். ஆவியில் ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். அக்கா குரல் முதலில் தெரியும். நான் போனபோது ஒரு விரிப்பைத் தேய்த்துக்கொண்டே பக்கத்து மேஜைப் பெண்ணின் மாமியாரைப் பற்றி அந்தப் பெண்ணுக்கே தெரியாத விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். நான் நினைத்த மாதிரியே பாய்ந்தாள். அப்பாவுக்கா குட்டைக் கால், ஊரில் யாருக்காவது அந்த மாதிரி நடை உண்டா, எவளோ ஒருத்தி சொன்னாளாம் இவன் கேட்டுக்கொண்டு வந்துவிட்டானாம் என்றாள். தையல் விட்ட மிதிதோலைத் தூக்கித் தக்கையை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். "அப்பா வாசம் ஒண்ணும் இல்ல. உன் கால் நாத்தம்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். மேஜைப் பெண்கள் சிரித்தார்கள். கூட்டம் சிரித்தால் அக்காவுக்கு உற்சாகம் வந்துவிடும். கொடு அந்தப் பூட்ஸை, நீ எப்படி நடக்கிறாய் என்று நடந்து காட்டுகிறேன், உலகமே பார்க்கட்டும் என்றாள்.

தக்கையை உள்ளே வைத்து, மிதிதோலை மேலே போட்டுக் கொடுத்தேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு பூட்ஸை மாட்டினாள். கயிற்றை இழுத்துக் கட்டினாள். பிறகு தோளைச் சரித்து, கையை லூசாகத் தொங்கவிட்டு, என்னை மாதிரி ஆடி ஆடி நடப்பதற்காக முதல் அடி வைத்தாள்.

ஆட்டம் வரவில்லை.

இன்னொரு தரம் தோளைச் சரித்துப் பார்த்தாள். சரிந்த தோள் தானாக நிமிர்ந்துகொண்டது. மேஜை வரிசைக்கு நடுவில் அந்தக் கோடிவரை போனாள், திரும்பினாள், வந்தாள். சிமென்ட் தரையில் டக், டக், டக், டக் என்று ஒரே அளவாக விழுந்தது. வேலை முடிந்து அப்பா தெருமுனையில் திரும்பும்போது கேட்கிற சத்தம் அது. அதே பூட்ஸைத்தான் நானும் இத்தனை வருஷம் போடுகிறேன். என்னிடமிருந்து அந்தச் சத்தம் ஒருநாளும் வந்ததில்லை.

சிரிக்கத் தயாராக இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. இன்னைக்கு என்னக்கா உயரமா தெரியறே என்று ஒருத்தி கேட்டாள். நான் அக்காவின் மேஜைக்கு அடியில் பார்த்தேன். அங்கே ஒரு பலகைத் துண்டு கிடந்தது. நான் கிடங்கிலிருந்து இழைத்துக் கொண்டுவந்து கொடுத்ததுதான். நாளெல்லாம் நின்று தேய்க்கிறவள், காலை மாற்றி மாற்றி அதன்மேல் வைத்துக்கொண்டால் இடுப்புக்கு நல்லது என்று கொடுத்தேன். மேலே இடது பாதம் பதிந்த தடம் பள்ளமாகவே இருந்தது. வலது பாதம் பட்ட அடையாளம்கூட இல்லை.

அக்கா என் எதிரில் வந்து நின்றாள். மூச்சு வாங்கவில்லை. முகத்தில் கேலியும் இல்லை.

"வலிக்கலடா" என்றாள்.

பிறகு அவள் குனிந்து கயிற்றை அவிழ்த்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தனக்கு இருக்குன்னு தெரிஞ்ச மனுஷன், என் காலை ஒருநாளாவது குனிஞ்சு பாத்திருக்கக் கூடாதா?"

அவருக்குப் பார்க்கப் பயமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

பூட்ஸை என் கையில் திணித்தாள். போய்த் தக்கையை எடுத்துப் போட்டுக்கொள், உனக்கு வேலை போனால் உன் பெண்டாட்டி என் வீட்டு வாசலில் வந்து உட்காருவாள், எனக்குத்தான் பலகை இருக்கிறதே என்றாள். சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். நானும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உள்ளதைச் சொன்னால், அவள் மனசு மாறுவதற்குள் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்றுதான் நடந்தேன். வாசல் திரும்பும்போது மட்டும் பார்த்தேன். அவள் இடது காலால் பலகையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்காரி கத்தியோடு காத்திருந்தாள். இடது பூட்ஸை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். எடுக்கிற தக்கையை எங்கள் அக்காவின் செருப்பில் வைத்துத் தைக்க முடியுமா என்று கேட்டேன். செருப்பில் வைத்தால் குதிகால் வெளியே எழும்பிக் கணுக்கால் மடங்கும், இதற்கென்று ஆழமாகச் செய்த பூட்ஸில்தான் நிற்கும் என்றாள். அக்காவுக்கே புதிதாக ஒன்று செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் சொன்ன தொகையைக் கேட்டதும் சுவரில் தொங்கிய கால் அச்சுகளை எண்ண ஆரம்பித்தேன்.

"என்னண்ணே, எடுக்கட்டுமா?"

எடுத்துவிட்டால் நல்ல தோல் பூட்ஸ் ஒன்று எனக்கு மிஞ்சும். நேராக நடப்பேன், லோடு இறக்குவேன், 'ஏய், தூக்கு' என்று கத்துவேன். ஆனால் அந்தத் தக்கை இல்லாவிட்டால் அது யாருடைய பூட்ஸ்? அப்பா இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்திருந்தது அது ஒன்றுதான். அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மேலே இருக்கிற தோலை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தால், துடைக்கிற கையே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

"தக்கையை வச்சே தச்சிடும்மா. புது அடியும் போட்டுடு. நாளைக்கு எங்க அக்காவைக் கூட்டிட்டு வர்றேன், அவ காலை அளந்து இதையே அவளுக்குப் பொருத்திடு" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

போட்டுப்போக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வருகிறவர்கள் காத்திருக்கும்போது மாட்டிக்கொள்கிற ரப்பர் செருப்பு ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். ரோஸ் நிறம், மேலே ஒரு பூ. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் அடியிலேயே இடது கால் பள்ளத்தில் இறங்கியது. குனிந்து பார்த்தால் பள்ளம் இல்லை, சமதரைதான். அடுத்த அடியிலும் அதே பள்ளம். படிக்கட்டில் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒவ்வொரு அடிக்கும். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, பகலிலேயே ஆரம்பிச்சாச்சா என்று விசாரித்தார்.

அக்கா வேலை முடிந்து வெளியே வருகிற நேரத்துக்குச் சலவைக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். என் காலைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், என்ன வேஷம் இது என்றாள். தக்கையை எடுத்தால் மொத்தப் பூட்ஸும் கழன்றுவிடுமாம், பட்டறையில் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் நீயே வைத்துக்கொள் என்றேன். பொய் சொல்லும்போது உனக்குக் காது சிவக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றாள். உனக்குத்தான் அம்மா கொடுத்தாள், கொடுத்தது கொடுத்ததுதான், எனக்குப் பிச்சை வேண்டாம், உன் வேலையைப் பார் என்று பஸ்ஸுக்கு நடந்தாள். இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போனாள். நான் பின்னாலேயே பள்ளம் பள்ளமாக இறங்கிப் போனேன். பார்க்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும்.

"அக்கா, அப்பா காலை உனக்குக் கொடுத்துட்டுப் போயிருக்கார். வெறும் பூட்ஸை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவள் நின்றாள். பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை. கைப்பையின் வாரைத் தோளில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள்.

"எப்ப ரெடியாகுமாம்?" என்றாள்.

அந்த மாதம் எனக்கு நடக்கப் பழகுகிற வேலையே சரியாக இருந்தது. கிடங்கு கொடுக்கிற கறுப்பு ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டேன். முதல் வாரம் இடுப்பு முன்னைவிட அதிகமாகக் கத்தியது. அடுத்த வாரம் முனகியது. மாசக் கடைசியில் மேஸ்திரி டீ கிளாஸோடு வந்து ஓரமாக நின்றுகொண்டார். இன்னொருவன் மறுமுனையைப் பிடிக்க, ஒரு சட்டத்தைத் தூக்கி லாரியிலிருந்து அடுக்குவரை நடந்தேன். உலகத்திலேயே பெரிய தூரம் அது. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் டீயைக் குடித்து முடித்து, அடியில் இருந்த தூளைத் தரையில் தட்டிவிட்டு, மறுமுனையில் இருந்தவனைப் பார்த்து நீதான் இப்ப கோணலா நடக்கறே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்டூலில் வேறு யாரையோ உட்கார வைத்திருக்கிறார்கள். ஃபேன் நன்றாக ஓடுகிறதாம்.

மனைவிக்குத்தான் தாங்கவில்லை. நான் சொன்னேனா இல்லையா என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

அக்கா இப்போது பஸ்ஸில் போவதில்லை. நடந்தே போகிறாள். அவள் போகிற வழியில்தான் எங்கள் கிடங்கு. கேட்டருகே வந்தால் ஒரு நிமிஷம் நிற்பாள், என்னைத் திட்டுவதற்காக. வலது பூட்ஸில் சுண்டு விரல் பக்கம் தோல் வெளியே தள்ளிக்கொண்டு மேடாக இருக்கிறது, உள்ளே பள்ளம், என் விரல் அங்கே போய் ஆடுகிறது, எல்லாம் உன் கோணல் விரல் பண்ணின வேலை என்பாள். தினமும் இதே புகார்தான். காலையில் பூட்ஸை மாட்டும்போதே உன்னைத் திட்டிவிட்டுத்தான் கயிறு கட்டுகிறேன் என்று லாரிக்காரர்கள் காதில் விழும்படி சொல்வாள். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையைத் தூக்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

போன வாரம் அந்த ரோஸ் செருப்பைத் திருப்பிக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். சுண்டு விரல் மேட்டைப் பற்றிச் சொல்லி, அதை அமுக்கிச் சரி பண்ண வழி இருக்கிறதா என்று கேட்டேன். பட்டறைக்காரி ஆணியைக் கவ்விக்கொண்டே சிரித்தாள். அச்சில் மாட்டி நனைத்துத் தட்டினால் ஒரு ராத்திரியில் சமமாகிவிடும், அளவு எடுக்க வந்த அன்றைக்கே உங்கள் அக்காவிடம் சொன்னேனே என்றாள்.

"கை வைக்காதே, அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க அண்ணே. என்கிட்டயும் கொஞ்சம் கோவமாத்தான் சொன்னாங்க."

மறுநாள் காலையில் அக்கா கேட்டருகே வந்து நின்று சுண்டு விரல் புராணத்தை ஆரம்பித்தாள். நான் சட்டத்தைத் தோளில் வைத்தபடி, முதல் தடவை கேட்கிறவன் மாதிரி, முழுக்க நின்று கேட்டேன்.